வாயை மட்டும் அசை!

எனக்குப் பாட வராது. இதைச் சொல்வதில் இப்போது வெட்கமில்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் ஆறாம் வகுப்பிலேயே பட்டு முடித்தாயிற்று.

ஆண்டு விழா. முப்பது பிள்ளைகள், மூன்று வரிசை, வெள்ளைச் சட்டை, 'வீ ஷல் ஓவர்கம்' பாட்டு. ஒத்திகையின்போது பாட்டு டீச்சர் வரிசை வரிசையாகக் காதை நீட்டிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். இன்னொரு தரம் பாடச் சொன்னார். உற்சாகமாகப் பாடினேன். தோளைத் தொட்டு ரொம்பக் கனிவாகச் சொன்னார்:

"நீ நல்ல உயரமா இருக்கே. கடைசி வரிசைக்கு எடுப்பா இருக்கும். ஆனா சத்தம் வேணாம் கண்ணா. வாயை மட்டும் அசை."

அசைத்தேன். விழாவன்று என்னைப்போல வாயைப் பிளந்து அசைத்தவர் யாருமில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா, "அத்தனை பேர்லயும் உன் குரல்தான்டா எனக்குத் தனியாக் கேட்டுது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பிறந்த நாள் கேக், மார்கழி பஜனை, தேசிய கீதம் எல்லாவற்றுக்கும் உதட்டசைவுதான். (தேசிய கீதத்துக்கு விறைப்பாக நிற்பதில் மட்டும் குறை வைத்ததில்லை.)

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்றால், 2024-ல் வந்த பாப் டிலன் படம்தான் காரணம். 'எ கம்ப்ளீட் அன்னோன்'. டிலனைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் கையில் பாஞ்சோவோடு ஒல்லியாக, உயரமாக, ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளையாக ஒரு மனிதர் வந்தார். பீட் ஸீகர். எட்வர்ட் நார்ட்டன் நடித்திருந்தார். படம் முடிந்தபோது டிலன் மறந்துபோய் இவர் நின்றுவிட்டார். தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, என்னை வாயடைத்த பாட்டை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனவர்களில் முக்கியமான ஆளே இவர்தான் என்று!

1919-ல் பிறந்தவர். அப்பா பெரிய இசை ஆராய்ச்சியாளர். மகன் ஹார்வர்டில் சேர்ந்து 1938-ல் பாதியில் விட்டுவிட்டு, பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். 1940-ல் உடி கத்ரி என்ற நாடோடிப் பாடகர் சிநேகமானார். இரண்டு பேரும் சேர்ந்து அமெரிக்காவைச் சுற்றினார்கள். நம் வீட்டுப் பையன் இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் படித்த வரையில் பீட் ஸீகருக்கு ஒரு விசித்திரக் கொள்கை. மேடையில் தான் பாட, கீழே ஜனங்கள் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தால் அது அவருக்குக் கச்சேரி இல்லை. இரண்டாவது பாட்டுக்குள் சபையைப் பாட வைத்தாக வேண்டும். அடுத்த அடியை முன்கூட்டியே கடகடவென்று பேச்சாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார். ஜனங்கள் அதை ராகத்தோடு வாங்கிக்கொள்வார்கள். நம் பஜனை பாகவதர்கள் செய்வதுதான், கொஞ்சம் வேகம் அதிகம். ஆண்களுக்குக் கீழ்க்குரல், பெண்களுக்கு மேல்குரல் என்று பிரித்துக் கொடுப்பார். தலையை அண்ணாந்து, குரல்வளை துருத்த, கையை வீசி எல்லாரையும் இழுப்பார். நம் 'ரகுபதி ராகவ ராஜாராம்' பாட்டைக்கூட அமெரிக்கர்களிடம் இப்படிக் கொண்டுபோயிருக்கிறார் மனுஷர்.

'வீ ஷல் ஓவர்கம்' அவர் எழுதியதில்லை. சர்ச் பாட்டு வழியில் வந்தது. 1945-46-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரச் சுருட்டுத் தொழிற்சாலையில் மாதக் கணக்காக வேலை நிறுத்தம். தொழிலாளர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். பொழுது சாயும் நேரம் லூசில் சிம்மன்ஸ் என்ற பெண்மணி அந்தப் பாட்டை நிறுத்தி நிதானமாகப் பாட, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். டென்னஸி மாநிலத்தில் ஹைலேண்டர் என்று தொழிலாளர்களுக்கான பயிற்சிப் பள்ளி. அங்கே இருந்த ஸில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றுக்கொண்டு, 1947-ல் பீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அப்போது பாட்டில் இருந்தது 'வில்'. அது எப்போதோ 'ஷல்' ஆயிற்று. மாற்றியது தானாக இருக்கலாம், ஹைலேண்டரில் இருந்த செப்டிமா கிளார்க் ஆகவும் இருக்கலாம் என்பார் பீட். தனக்கு 'ஷல்' ஏன் பிடித்தது என்பதற்கு அவர் சொன்ன காரணத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 'வில்' என்று பாடினால் வாய் இடுங்கிப் போகிறதாம். 'ஷல்' என்றால் வாய் நன்றாகத் திறக்கிறதாம்!

அந்த 'ஷல்'லுக்குத்தான் நான் சத்தமில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

1957-ல் ஹைலேண்டருக்கு வந்திருந்த இளம் பாதிரியார் ஒருவர் முன்னால் பீட் அதைப் பாடினார். திரும்பிப் போகும்போது, அந்தப் பாட்டு மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறதே என்று காரில் சொல்லிக்கொண்டே போனாராம் பாதிரியார். பெயர் மார்ட்டின் லூதர் கிங். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். கிரிஜா குமார் மாத்துர் இந்தியில் 'ஹோங்கே காம்யாப்' என்று எழுதிய பிறகு நம் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது.

பீட்டின் வாயை அடைக்கப் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் டீச்சர் மாதிரி கனிவானவர்கள் இல்லை.

வீவர்ஸ் என்ற நால்வர் குழுவில் அவர் பாடிக்கொண்டிருந்த சமயம். 1950-ல் அவர்களுடைய ரெக்கார்டு நாடு முழுக்க முதலிடம். பணம் கொட்டுகிற நேரம். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை மும்முரமாக நடந்த நேரமும் அதுதான். பீட் கொஞ்ச காலம் கட்சியில் இருந்தவர். வேட்டைக்காரர்களின் பட்டியலில் பெயர் ஏறியதும் ஓட்டல், ரேடியோ, டி.வி. எல்லாம் கதவைச் சாத்தின. குழு கலைந்தது. 1955 ஆகஸ்டில் நாடாளுமன்ற விசாரணைக் கமிட்டி கூப்பிட்டது. எந்தக் கூட்டத்தில் பாடினாய்? யாருக்காகப் பாடினாய்?

தப்பிக்கச் சுலபமான வழி இருந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம். எனக்கே பாதகமாக நான் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். வேலை போகும், ஜெயில் கிடையாது. நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள், அதில் தப்பும் இல்லை. பீட் மாட்டேன் என்றார். என் நம்பிக்கை, என் சிநேகிதர்கள், என் ஓட்டு எதையும் எந்த அமெரிக்கனிடமும் இப்படி மிரட்டிக் கேட்பதே தவறு என்று வாதாடினார். வேண்டுமானால் என் பாட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றார். கமிட்டிக்குப் பாட்டு வேண்டியிருக்கவில்லை.

வழக்கு இழுத்தடித்தது. 1961-ல் தீர்ப்பு நாளன்று முதுகில் பாஞ்சோவோடு கோர்ட்டுக்குப் போனார். எந்தப் பாட்டைப் பாடியதற்காக என்னைக் குடைகிறீர்களோ அதை இங்கே பாடிக் காட்டலாமா என்று நீதிபதியைக் கேட்டார். கூடாது என்றார் நீதிபதி. ஒரு வருஷம் ஜெயில். சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்தது. 1962-ல் மேல் கோர்ட், குற்றப்பத்திரிகையே கோணல் என்று தள்ளிவிட்டது. பெரிய டி.வி. கம்பெனிகளின் கதவு மட்டும் ஏறத்தாழ 17 வருஷம் திறக்கவில்லை.

அந்த 17 வருஷம் என்ன செய்தார்? கல்லூரிகளில் பாடினார். பள்ளிக்கூடங்களிலும், பிள்ளைகளின் கோடை முகாம்களிலும் பாடினார். இவனால் இனி என்ன ஆகப்போகிறது, சின்னப் பிள்ளைகளுக்குத்தானே பாடுகிறான் என்று விட்டுவிட்டார்கள். அங்கேதான் கணக்கு தப்பியது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்துதான் அறுபதுகளில் கிடாரைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். பாஞ்சோ பழக அவர் 1948-ல் கையால் சுற்றும் நகல் மெஷினில் அடித்து விற்ற சின்னப் புத்தகத்தைப் பார்த்தே பழகி, பிற்பாடு கிங்ஸ்டன் ட்ரியோ என்று ஓகோவென்று போனவர் டேவ் கார்ட்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்குக்கு வடக்கே பீக்கன் என்ற ஊர். பக்கத்தில் ஹட்ஸன் நதியைப் பார்த்த மலைச்சரிவில் 1949-ல் இடம் வாங்கி, லைப்ரரியில் புத்தகம் படித்து, மரத்தை வெட்டித் தானே வீடு கட்டினார். அதே வருஷம் செப்டம்பரில் பீக்ஸ்கில் என்ற இடத்தில் பால் ராப்ஸன் என்ற மாபெரும் கறுப்பினப் பாடகரின் கச்சேரி. பீட்டும் பாடினார். முடிந்து திரும்பும் வழியெல்லாம் கும்பல் நின்று கார்களின்மேல் கல்லெறிந்தது. பீட்டின் காரில் மனைவி, சின்னக் குழந்தைகள். கண்ணாடிகள் நொறுங்கின. உள்ளே வந்து விழுந்த கற்களில் சிலவற்றை எடுத்துவந்து, கட்டிக்கொண்டிருந்த வீட்டின் புகைபோக்கியில் வைத்துப் பூசிவிட்டார். இதைவிட நல்ல பழிவாங்கல் நான் கேள்விப்பட்டதில்லை.

மனைவி டோஷி. அப்பா ஜப்பானியர், அம்மா அமெரிக்கர். குழாயும் மின்சாரமும் இல்லாத அந்தக் குடிசையில் தண்ணீர் தூக்கிச் சமைத்து, குழந்தைகளை வளர்த்து, கச்சேரி ஏற்பாடு பார்த்து, வரவு செலவும் பார்த்தவர். கணவர் உலகத்தைத் திருத்த ஊர் ஊராகப் போய்விடுவார். "இந்த ஆள் கொள்கைக்குப் பதிலாகப் பொம்பளைங்க பின்னாடி சுத்தியிருந்தா, விட்டுட்டுப் போக ஒரு சாக்காவது கிடைச்சிருக்கும்" என்கிற அர்த்தத்தில் அந்த அம்மா சொன்னதாக ஒரு கதை உண்டு. என் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் பி.காம். எதைப் படித்தாலும் கண் கடைசியில் கணக்குப் பக்கம்தான் போகும். பாட்டு எல்லாருக்கும் சொந்தம் என்கிற மனிதர் ராயல்டி விஷயத்தில் என்ன செய்தார்?

'வேர் ஹேவ் ஆல் தி ஃப்ளவர்ஸ் கான்' பாட்டு ஷோலகோவின் ரஷ்ய நாவலில் வந்த சில வரிகளிலிருந்து 1955-ல் முளைத்தது. அதற்குப் பின்பகுதிச் சரணங்களைச் சேர்த்து முழுமையாக்கியவர் ஜோ ஹிக்கர்சன் என்ற இளைஞர். அவருக்கு ராயல்டியில் 20 சதவீதத்தை எழுதிக் கொடுத்தார் பீட். 'வீ ஷல் ஓவர்கம்' பாட்டின் காப்புரிமையில் பீட்டோடு மூன்று பேரின் பெயர் சேர்ந்தது. வந்த காசு கறுப்பின மக்களின் பணிகளுக்கான ஒரு நிதிக்குப் போயிற்று. 2018-ல் ஒரு வழக்கு சமரசமாகி அந்தப் பாட்டு பொதுச் சொத்தாகவே ஆகிவிட்டது. 'டர்ன்! டர்ன்! டர்ன்!' பாட்டின் சொற்கள் அநேகமாக முழுக்க பைபிளில் பிரசங்கி ஆகமம். சாலமன் ராஜா எழுதியது என்று மரபு. 1965-ல் பேர்ட்ஸ் குழு பாடி அமெரிக்காவில் முதலிடம். சாலமன் ராஜாவுக்கு மணியார்டர் அனுப்ப விலாசம் இல்லை.

விலாசம் இருந்த இன்னொரு சாலமன் இருந்தார். இந்தப் பேரேட்டில் இடிக்கிற இடம் அதுதான்.

சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்காவின் ஜூலு இனத்தவர். 1939-ல் ஜோகன்னஸ்பர்க்கில் 'எம்பூபே' என்று ஒரு பாட்டை ரெக்கார்டு செய்தார். சிங்கம் என்று அர்த்தம். அந்த ரெக்கார்டு சுற்றி வளைத்து பீட் கைக்கு வந்தது. அதில் வரும் ஜூலு வார்த்தை அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. அப்படியே பாடினார், வீவர்ஸ் ரெக்கார்டு செய்தது, அமெரிக்கா ஆடியது. 1961-ல் வேறொரு குழு அதையே 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று மாற்றிப் பாட, உலகமே ஆடியது. 1994-ல் 'லயன் கிங்' படத்திலும் வந்தது.

அது ஒரு மனிதரின் பாட்டு என்று தெரிந்ததும் லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பச் செய்தார் பீட். இனி வருவதெல்லாம் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டார். போய்ச் சேருகிறதா என்று பார்க்கவில்லை. பத்து ஷில்லிங்குக்கு உரிமையைக் கொடுத்துவிட்டிருந்த லிண்டா, 1962-ல் இறந்தபோது வங்கிக் கணக்கில் 25 டாலர்கூட இல்லை. கல்லறைக்குக் கல் நட மனைவியிடம் காசில்லை. 2000-ல் ரியான் மாலன் என்ற பத்திரிகையாளர் தோண்டி எழுதிய பிறகுதான் ஊர் விழித்தது. 2006-ல் குடும்பத்துக்கு ஒரு சமரசத் தொகை கிடைத்தது. பீட் வருத்தப்பட்டார், தன் தவறை ஒப்புக்கொண்டார். எல்லாப் பாட்டும் எல்லாருக்கும் என்பது அழகான கொள்கைதான். ஆனால் வவுச்சரில் கையெழுத்து வாங்கிப் பார்த்திருக்க வேண்டும், சார். டோஷியிடம் விட்டிருந்தால் ஒருவேளை சரியாக நடந்திருக்கும்.

ஸ்டாலின் விஷயத்திலும் அவர் தாமதம்தான். கட்சியை விட்டு வெகுகாலம் கழித்து, 2007-ல்தான் ஸ்டாலினைச் சாடி ஒரு பாட்டே எழுதினார். வயது 88. லேட்டுதான். அந்த வயதில் தப்பை ஒப்புக்கொண்டு பாட்டுக் கட்டியவர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சாக்கடையாகிக் கிடந்த ஹட்ஸன் நதியைச் சுத்தம் செய்ய ஆட்களைச் சேர்க்க வேண்டும் என்று, 1969-ல் 'கிளியர்வாட்டர்' என்ற 106 அடிப் பாய்மரக் கப்பலை மிதக்க விட்டதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இடமில்லை.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஏற்பட்டது என்ன தெரியுமா? குரல் போய்விட்டது. பாடகனுக்குக் குரல் போனால் கடை கட்ட வேண்டியதுதான். பீட் கட்டவில்லை. 90-வது பிறந்த நாளுக்கு, 2009 மே 3 அன்று, நியூயார்க் மாடிஸன் ஸ்கொயர் கார்டனில் கூட்டம் நெரிந்தது. அவர் அடியை எடுத்துக் கொடுத்துக் கையை வீசினார். அரங்கம் பாடியது. எழுபது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஜனங்களிடம் போட்டு வைத்திருந்த குரலைத் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி. 2011-ல் இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு நியூயார்க் வீதியில் ஊர்வலம் போனார். 2013 ஜூலையில், 70-வது திருமண நாளுக்குச் சில நாட்கள் முன்பு டோஷி போய்விட்டார். 2014 ஜனவரி 27 அன்று பீட். வயது 94. பத்து நாளைக்கு முன்னால்வரை விறகு வெட்டிக்கொண்டிருந்தாராம்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு நாள் ராத்திரி. என் பெண்ணுக்கு ஐந்து வயது. தினமும் தூங்கப் போகும்போது பாட்டு வேண்டும். அம்மா பாடுவாள், இல்லையென்றால் போன் பாடும். அன்றைக்கு அம்மாவுக்குத் தொண்டை கட்டு, போனில் சார்ஜ் இல்லை.

"அப்பா, நீ பாடு."

"அப்பாவுக்குப் பாட வராதுடா. கதை சொல்றேன்."

அந்த வாரம் எனக்குத் தெரிந்த ஒரே கதை பீட் தன் பிள்ளைகளுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்னது. 'அபியோயோ'. தென்னாப்பிரிக்கத் தாலாட்டு ஒன்றை வைத்துக் கட்டியது. ஒரு ஊரில் ஒரு பையன். சதா கையில் ஒரு தந்தி வாத்தியம், சதா டொய்ங் டொய்ங். அப்பாவுக்கு மந்திரக்கோல் வித்தை, பொருளை மறைய வைத்து எல்லாரையும் இம்சை பண்ணுவார். தொந்தரவு தாங்காமல் ஊரார் இரண்டு பேரையும் வெளியே துரத்திவிட்டார்கள். ஒரு நாள் மலையளவு பூதம் வருகிறது. பெயர் அபியோயோ. ஊரே ஓடுகிறது. பையன் மட்டும் வாத்தியத்தை மீட்டிப் பூதத்தின் பெயரையே பாட்டாகப் பாடுகிறான். பூதத்துக்குக் குஷி. ஆடுகிறது. பாட்டு வேகமாக, ஆட்டமும் வேகமாக, மூச்சிரைத்துத் தடாலென்று விழுகிறது. அப்பா ஓடிவந்து மந்திரக்கோலால் ஒரு தட்டு. பூதம் மாயம்.

பையன் பாட ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் பிரமாதமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ம்... அப்புறம்?"

"அப்புறம் பாடினான். பூதம் ஆடிச்சு."

"எப்படிப் பாடினான்?"

வாயை மட்டும் அசைத்தேன். இருட்டில் அது செல்லுபடியாகவில்லை. "என்ன சொல்றே, கேக்கலப்பா" என்றாள்.

வேறு வழி? ஆரம்பித்தேன். பாட்டு முழுக்க அந்த ஒரு பெயர்தான், தப்புப் பண்ண இடம் கம்மி. ஆனாலும் பண்ணினேன். அடுத்த அறையிலிருந்து, கட்டின தொண்டையோடு, "யாருங்க அது?" என்று ஒரு சந்தேகக் குரல் வந்தது. சட்டென்று நிறுத்தினேன்.

"ஏம்ப்பா நிறுத்திட்டே? பூதம் இன்னும் விழலை. சத்தமாப் பாடு" என்றாள் என் பெண்.